நஷ்டத்தில் ஓடும் ஆலையில் எதை வெட்டுவது?

கண்ட்ரோல்ரூம்:
நஷ்டம் என்றதும் முதலில் கைவைப்பது பராமரிப்பில்தான். போபாலைப் பாருங்கள். பூச்சிமருந்து தயாரிக்க அங்கே வைத்திருந்த விஷ ரசாயனமான மீதைல் ஐசோசயனேட்டை 0 டிகிரியை ஒட்டிக் குளிரவைக்க வேண்டும். குளிரூட்டும் இயந்திரத்தை 1984 ஜூனிலேயே நிறுத்திவிட்டார்கள். வாயுவைக் காரத்தால் கழுவும் ஸ்க்ரப்பர் சும்மா கிடந்தது. கசிவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் அரித்துப்போன துண்டைக் கழற்றியவர்கள் புதியதை மாட்டவில்லை. அந்த ரசாயனப் பிரிவில் ஷிப்டுக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர். டிசம்பர் 2 இரவு அந்த ரசாயனம் இருந்த 610ஆம் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சூடேறி விஷவாயு கிளம்பியபோது தடுக்க எதுவும் மிச்சமில்லை.

பேரேடு:
பூச்சிமருந்து விற்பனை படுத்துவிட்ட ஆலை அது. செலவைக் குறைக்காமல் என்ன செய்வது? இழுத்து மூடினால் தொழிலாளர்கள்தானே தெருவில் நிற்பார்கள்? தண்ணீரை ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே விட்டார் என்றுதான் ஆலையின் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடு சொல்லிவந்தது.

கண்ட்ரோல்ரூம்:
சதி என்றே வைத்துக்கொள்வோம் ஐயா. சதிகாரன் வரும் நாளில் ஸ்க்ரப்பர் வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறதா?

பேரேடு:
கோபப்படாதீர்கள். நான் கேட்பது வேறு. அக்டோபரில் அந்த ரசாயனத்தின் உற்பத்தி நின்றுவிட்டது. பிறகும் ஒரே தொட்டியில் 40 டன் எதற்கு? கையிருப்பைக் குறைப்பதும் செலவுக் குறைப்புத்தான். கணக்குப் பார்ப்பவன் சொல்லியிருக்கக்கூடிய யோசனை அது. எங்கள் ஆலையில் ஆட்களைக் குறைத்த பிறகு காயமடைவோர் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்திருக்கிறது.

ஸ்பேனர்:
வழுக்கி விழுந்தவர், விரல் நசுங்கியவர் கணக்கு அது. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் அந்தக் கணக்கு அழகாகத்தான் இருந்தது. 2005 மார்ச் 23 அன்று அங்கே ஒரு கோபுரத்தில் திரவம் 158 அடி வரை ஏறியது. திரையிலோ மட்டம் 10 அடிக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டே இருந்தது! நிரம்பி வழிந்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். ஆலையை நடத்திய பிபி நிறுவனத்தின் செலவு வெட்டையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சுட்டியது. உங்கள் ஆலையில் பாதுகாப்பு வால்வுச் சோதனைகள் எத்தனை தள்ளிப்போயிருக்கின்றன? அதைச் சொல்லுங்கள்.

பேரேடு:
அந்தப் பட்டியல் பராமரிப்புத் துறையில் இருக்கும். எனக்கு வருவது மாதச் செலவு மட்டும்.

ஸ்பேனர்:
பட்டியலைப் பார்க்காமலே பராமரிப்புத் தொகையில் கோடு போடுகிறீர்களா?

பேரேடு:
கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். ஆனால் கையிருப்பைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கண்ட்ரோல்ரூம்:
அதில் எனக்குச் சண்டையே இல்லை. தொட்டியைக் காலி செய்யுங்கள், பிறகு குளிரூட்டியை நிறுத்துங்கள். போபாலில் தொட்டியில் ரசாயனத்தை வைத்துக்கொண்டே நிறுத்தினார்கள்.