கருவைக் கலைத்தது பாவமா, அவளுடைய உரிமையா?

பாலைநிழல்:
போன கிழமை மாங்குளம் பக்கம் ஒரு செத்தவீடு. குசினிக்குள் பெண்கள் ஒருத்தியைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். மூன்று பிள்ளைகள். நான்காவது தங்கியதும் புருஷன் விட்டுப் போய்விட்டான். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் நிற்கிறார்கள். யாரோ கொடுத்த குளிசையைப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் இரத்தம் போயும் ஆசுப்பத்திரிக்குப் போகவில்லை, பொலிஸ் வருமாம் என்ற பயம். பழைய சாரங்களைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு கிடந்தாளாம். குசினியில் அவளுக்குக் கிடைத்த பெயர் கொலைகாரி. போனவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் உடம்பைப் பற்றி அவள் முடிவெடுக்கக் கூடாதா?

குளக்கட்டான்:
தங்கச்சி, கொலைகாரி என்பவர்களோடு நான் இல்லை. ஆனால் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். 2009 மாசியில், சண்டைக்கு நடுவே மாத்தளனில் என் மனைவிக்கு ஆறு மாதம். பங்கருக்குள் தண்ணீர் ஊறும், காலை நீட்ட இடமில்லை. "இந்த நேரத்தில் இது தேவையா" என்று சொந்தங்களே கேட்டார்கள். பிள்ளை செட்டிகுளம் முகாமில் பிறந்தது. நேற்று என்னிடம் சைக்கிளுக்கு டயர் மாற்றக் காசு கேட்டுச் சண்டை பிடித்தாள். வயிற்றில் இருந்தபோதும் அவள் அவள்தான். ஒரு உயிரை இன்னொருவர் உரிமை என்று எப்படி அழிப்பது?

பாலைநிழல்:
அண்ணை, பெறுவோம் என்று நீங்களும் அண்ணியும் முடிவெடுத்தீர்கள். சொந்தங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. நானும் அதைத்தானே சொல்கிறேன்.

வன்னிமைந்தன்:
முள்ளிவாய்க்காலில் இழந்தது காணாதா? இருக்கிற கொஞ்சத்தையும் குளிசை போட்டு அழிப்பதா? இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தந்த உரிமைக் கதை. புறநானூறே கருவைச் சிதைத்தலைப் பெரும் பாவம் என்கிறது.

பழைய கிளாக்கர்:
34ஆம் பாட்டு. முழுதாகப் படியும் தம்பி. அந்தப் பாவத்துக்குக் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்குத்தான் உய்தி இல்லை என்று அது போகும்.

வெள்ளைக்காரன் தந்தது எது என்றால், இந்தத் தடைதான். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் இடமுண்டு. மற்றபடி 3 வருடம் வரை மறியல், வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கியிருந்தால் 7 வருடம் வரை. தானே கலைத்துக்கொண்டவளுக்கும் அதுவே. வன்புணர்வால் தங்கியதா, பிறந்தாலும் பிழைக்காத பிள்ளையா, எதற்கும் விலக்கில்லை. 1995இல் விலக்குக் கொண்டுவரப் பார்த்து நாடாளுமன்றத்தில் கைவிட்டார்கள். 2017இல் அமைச்சரவை வரை போனது, கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதோடு நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் 1971இலேயே சட்டம் வந்துவிட்டது.

கிளினிக் அக்கா:
உங்கள் வாதம் நடக்கட்டும். இரத்தம் போனால் உடனே ஆசுப்பத்திரிக்கு வாருங்கள். வந்தவளுக்கு வைத்தியம் செய்வது குற்றமில்லை. வீட்டில் கிடந்தால்தான் உயிர் போகும்.

குளக்கட்டான்:
வன்புணர்வு என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் கடன் என்பதற்காக? தள்ள வேண்டியது கடனைத்தானே, பிள்ளையை ஏன் தள்ளுவான்?

பாலைநிழல்:
தள்ளிவிட ஆர் வந்தது, அண்ணை? வன்னிமைந்தன், அந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு பால்மாப் பெட்டியாவது வாங்கிக் கொடுத்தீர்களா? இனம் என்று வந்தால் மட்டும் எங்கள் வயிறு ஊர்ப் பொதுச்சொத்து.

அண்ணை, கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நாளைக்கு உங்கள் மகள் இப்படி வந்து நின்றால்?

குளக்கட்டான்:
இரவெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெறச் சொல்லிக் கெஞ்சுவேன். கேட்காவிட்டால் பொலிசுக்குப் போக மாட்டேன். இரத்தம் போனால் நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போவேன். பிறகு ஒரு ஆறு மாதம் அவளோடு கதைக்க மாட்டேன்.

பாலைநிழல்:
ஆறு மாதம்தானே. சரி, அண்ணை.

வன்னிமைந்தன்:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.