ரொறன்ரோ குளிரில் குருவிகளுக்குத் தீனி: அனுபவப் பகிர்வு

கடையில் விற்கிற மலிவுக் குருவித் தீனிக் கலவையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கோ. கனக்க இருப்பது சிவப்பு இறுங்கும் கோதுமையும்தான். இங்கே வரும் சிக்கடீயும் (கறுப்புத் தலைச் சின்னக் குருவி) கார்டினலும் (கொண்டை வைத்த சிவப்புக் குருவி) அதைப் பெரிதாகத் தொடாது. அலகால் தள்ளிவிட்டு சூரியகாந்தியை மட்டும் பொறுக்கும். கீழே விழுந்தது பனியில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு எலி வரும். கறுப்புச் சூரியகாந்தி விதையைத் தனியாக வாங்கினால் காசு மிச்சம். வரி போட்ட விதையைவிட அதன் கோது மெல்லிசு, எண்ணெயும் கூட.

சிக்கடீ ஒரு விதையைத் தூக்கிக்கொண்டு கிளைக்குப் போய், இரண்டு காலுக்கும் நடுவில் அமத்திப் பிடித்துக் கொத்தி உடைக்கும். எடை 11 கிராம் அளவுதான். குளிர் இரவில் உடல் வெப்பத்தைச் சுமார் 10 பாகை செல்சியஸ் இறக்கித்தான் விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. அதனால் விடியப்புறம் ஃபீடர் (விதை போட்டுத் தொங்கவிடும் தீனிப் பாத்திரம்) வெறுமையாக இருக்கக்கூடாது. கார்டினலுக்குக் குழாய் ஃபீடரின் சின்னக் குச்சியில் இருக்க வராது. அடியில் ஒரு தட்டுப் பூட்டிவிடுங்கோ.

———

மேலே எழுதின அக்கா விதையைச் சொல்லிவிட்டா, அணிலை விட்டுவிட்டா. இங்கத்தைக் கறுப்பு அணில் ஊர் அணில்பிள்ளை இல்லை, அரைக் கிலோ வரும். அணில் பாயாமல் இருக்க, ஃபீடர் தொங்குகிற கம்பமானது மரம், வேலி, டெக் எல்லாவற்றிலும் இருந்து 3 மீட்டர் தள்ளி நிற்க வேணும். அணில் ஏறாமல் கம்பத்தைச் சுற்றி 15 சென்ரிமீட்டர் அகலத் தகரக் குழாய், நிலத்திலிருந்து 1.2 மீட்டருக்கு மேல். பனி 40 சென்ரிமீட்டர் குவிந்தால் இந்தக் கணக்கெல்லாம் பிழைக்கும், கம்பத்தடியை வழித்துவிடுங்கோ. கம்பத்தில் கிரீஸ் பூசவே வேண்டாம். இறகில் ஒட்டினால் குருவி குளிரில் விறைத்துச் செத்துப்போகும். மிளகாய்த்தூள் குருவிக்கு உறைக்காது, அணிலுக்கு உறைக்கும், உண்மைதான். ஆனால் காற்றடித்தால் முதலில் எரிவது உங்கட கண்.

ஃபீடரைக் கண்ணாடி யன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கோ, இல்லாவிட்டால் 10 மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில்தான் குருவி வேகமெடுத்து வந்து கண்ணாடியில் மோதும்.

———

மரங்கொத்திக்கு மாட்டுக் கொழுப்பு. அரைக் கிலோவை மெல்லிய நெருப்பில் உருக்கி வடித்து, உப்பில்லாத கச்சான் ஒரு கப், சோளமா ஒரு கப் சேர்த்து ஆறவிட்டு வெட்டினால் சரி. வெயில் தொடங்கினால் உருகி நாறும், எடுத்துவிட வேணும்.

———

துப்புரவைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கேல்லை! இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஃபீடரைக் கழற்றி, ஒரு பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மணம் போக அலசுங்கோ. குசினித் தொட்டியில் வேண்டாம், சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். வடிவாகக் காயாமல் விதை போட்டால் துளையடியில் கட்டிபட்டு உறைந்துவிடும். இரண்டு ஃபீடர் வைத்து மாற்றுவது சுகம். இறகு சிலிர்த்து, கண் வீங்கி, கிட்டப் போனாலும் பறக்காத குருவி கண்டால் இரண்டு கிழமைக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கோ.

சனி விரதத்துக்குக் காகத்துக்கு வைக்கிற சோற்றை நிலத்தில் வைத்தால் ரக்கூன் என்கிற காட்டு விலங்குதான் தின்னும். 2023 ஏப்ரலில் இருந்து ரொறன்ரோவில் சொந்த வளவிலும் காட்டு விலங்குக்குத் தீனி போடத் தடை. குருவி ஃபீடருக்கு விலக்கு உண்டு, ஆனால் அது உயரத்தில், துப்புரவாக இருக்க வேணும்.