புதுப்பிப்பு: திறக்காமல் நின்ற விண்டோஸ் மீண்டும் ஓடுகிறது

புதிதாகப் படிப்பவர்களுக்கு: அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. அதன்பின் லோகோ வரும், உடனே நீலத்திரை. விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் ஸ்டார்ட்அப் ரிப்பேரும் கையை விரித்துவிட்டது. அதனால்தான் இங்கே உதவி கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது, கோப்புகளும் பத்திரம்.

நீங்கள் சொன்னபடி இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்தேன். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், கவனம். எக்ஸ் என்று தெரிவது நினைவகத்தில் ஓடும் தற்காலிக டிரைவ்; என் விண்டோஸ் டி-யில் இருந்தது. டிரைவில் என்ன இருக்கிறது என்று காட்டும் 'டிர்' கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையெல்லாம்.

டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்கில் பிரச்சினை எதுவும் இல்லை. அப்புறம் எஸ்எஃப்சி, அதாவது விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை. பென்டிரைவில் பூட் செய்திருக்கும் இந்த நிலையில் அதோடு ஸ்கேன்நவ் மட்டும் கொடுத்தால் போதாது. ஆஃப்பூட்டிர், ஆஃப்விண்டிர் இரண்டையும் சேர்த்து எந்த டிரைவ் என்று சொல்ல வேண்டும். அப்படியும் ஓடவில்லை. ஏற்கெனவே ஒரு ரிப்பேர் நிலுவையில் இருக்கிறதாம்! முடிச்சே இதுதான். விண்டோஸைப் பழுதுபார்க்கும் இன்னொரு கட்டளையான டிஸ்மில் ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ் கொடுத்ததும் பாதியில் நின்ற அப்டேட் பின்வாங்கியது. அதன்பின் எஸ்எஃப்சி ஓடி, சில கோப்புகளைச் சரிசெய்து, சிலவற்றை விட்டுவிட்டது.

மிச்சத்துக்கு டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த்; நல்ல கோப்புகளை எடுத்துக்கொள்ளும் இடமாக, அதாவது சோர்ஸாக, பென்டிரைவில் உள்ள இன்ஸ்டால் கோப்பு. அதன் பதிப்பு நம் விண்டோஸோடு ஒத்துப்போகாவிட்டால் சோர்ஸ் கிடைக்கவில்லை என்றுதான் வரும். முடிந்ததும் மறுபடி எஸ்எஃப்சி, ரீஸ்டார்ட், டெஸ்க்டாப்.

பூட் பகுதியைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளையைச் சொன்னவர்களுக்கு: அது தேவைப்படவில்லை. லோகோ வரை வந்ததால் பூட் பகுதி நன்றாகவே இருந்தது.