அப்பச்சியின் குறட்டைக்கு நாக்குப் பயிற்சி செய்கிறோம், பலன் இல்லை. எங்கே தப்பு?

பள்ளத்தூர் மகள்:
அப்பச்சிக்கு 61 வயது. எங்களுடையது பழைய வீடு. பட்டாலையில் ஒருவர் குறட்டை விட்டால் இரண்டாம் கட்டு வரைக்கும் கேட்கும். போன மாதம் கல்யாணத்துக்கு வந்த சொந்தங்கள் வீட்டில் தங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பச்சியே பாயைச் சுருட்டிக்கொண்டு முகப்புத் திண்ணைக்குப் போய்விட்டார். எல்லோரும் ஊருக்குப் போன பிறகும் அங்கேதான் படுக்கிறார். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

மூன்று வாரமாக நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுக்கும் பயிற்சி செய்கிறார். கொஞ்சமும் குறையவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர், காரைக்குடி:
தங்கச்சி, தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை குறுகிவிடும். அந்தச் சந்தில் காற்று போகும்போது உள்நாக்கும் அண்ணத்தின் பின்பகுதியும் படபடவென்று அதிரும். அதுதான் சத்தம். பலம் ஏற வேண்டியது அந்த இடத்துக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும். வெறுமே நீட்டி இழுத்தால் போதாது.

நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து, அழுத்தியபடியே அண்ணத்தில் பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள், 20 தடவை. அடுத்து முழு நாக்கையும் அண்ணத்தோடு ஒட்டி உறிஞ்ச வேண்டும், 20. பிறகு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டிருக்க, நாக்கின் பின்பகுதியை மட்டும் கீழே அமுக்க வேண்டும், 20. கடைசியாக வாயைத் திறந்து ‘ஆ’ என்று விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், 20. கண்ணாடியில் பார்த்தால் உள்நாக்கு மேலே தூக்குவது தெரிய வேண்டும். தூக்காவிட்டால் அந்த ‘ஆ’ கணக்கில் சேராது.

பிரேசிலில் 39 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், இது மாதிரிப் பயிற்சிகளை நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 8 நிமிடம், 3 மாதம் செய்தவர்களுக்குக் குறட்டை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மூன்று வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். சத்தம் நடுவில் சட்டென்று நின்று, மூச்சும் நிற்கிறதா?

தேவகோட்டைக்காரர்:
நான் பல் தேய்த்த கையோடு செய்துவிடுவேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். என் வீட்டில் வித்தியாசம் தெரிய இரண்டு மாதம் ஆனது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிகிறது.

பள்ளத்தூர் மகள்:
ஆச்சி, நேற்று ராத்திரி திண்ணையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்றது. எண்ணினேன், 14 வரை வந்துவிட்டது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது, மூச்சுக் காற்று இல்லை. அப்புறம் திணறிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு. மூன்று தடவை இப்படி. பகலில் பேப்பர் படித்துக்கொண்டே தூங்கிவிடுகிறார். வயது என்று நினைத்திருந்தோம்.

பேச்சுப் பயிற்சியாளர், காரைக்குடி:
உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். 10 நொடிக்கு மேல் மூச்சு நிற்பது வெறும் குறட்டை இல்லை; இரத்த அழுத்தம், இதயம் வரைக்கும் பாதிக்கும். தூக்கப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். பயிற்சி தொடரட்டும், அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பள்ளத்தூர் மகள் (இரண்டரை மாதம் கழித்து):
மூச்சடைப்பு நடுத்தர அளவு என்றார்கள். இரவில் காற்று செலுத்தும் முகமூடி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியையும் அப்பச்சி விடவில்லை; காலையில் காபிக்கு முன்னால் முகப்பிலிருந்து ‘ஆ’ கேட்கும். படுக்கை பட்டாலைக்கு வந்துவிட்டது. முகமூடிப் பட்டை கன்னத்தில் தடம் விழுகிறது, அதற்கு என்ன செய்யலாம்?

தேவகோட்டைக்காரர்:
ரொம்ப இறுக்குகிறீர்கள் போல. படுத்த பிறகு பட்டையைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். காற்று கசியாத அளவுக்கு இருந்தால் போதும்.