மறு: சிவில் பரிஷ்: 'குடிமைப் பங்கு' வேண்டாம், 'கோயிற்பற்று' இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தில் மூதாதையரைத் தேடுவோருக்கான நம் தமிழாக்க வரைவில் பரிஷ் (parish, ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), சிவில் பரிஷ் போன்ற சொற்களுக்கு என்ன போடுவது என்ற விவாதத்துக்கு என் பதில் இது.

> பரிஷ் என்றால் பங்கு, சிவில் என்றால் குடிமை. குடிமைப் பங்கு என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான் ஐயா. ஆனால் அயர்லாந்தில் மூதாதையரைத் தேடுபவர்கள் அதிகம் தடுமாறும் இடமே இதுதான். அங்கே பரிஷ் என்ற ஒரே பெயரில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: கத்தோலிக்கரின் பரிஷ், அயர்லாந்துத் திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் பரிஷ், அரசு நிலக் கணக்குக்கு வைத்திருந்த சிவில் பரிஷ். சமயச் சீர்திருத்தத்தின்போது இடைக்காலப் பரிஷ்களை ஆங்கிலிக்கன் சபை எடுத்துக்கொண்டது. அரசும் அதே எல்லைகளைப் பின்பற்றியதால் இவை இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒடுக்குமுறைச் சட்டங்களில் சிதறிய கத்தோலிக்கர் பிற்பாடு தங்கள் பரிஷ்களைப் புதிதாக வகுத்துக்கொண்டார்கள். அதனால் அவற்றின் எல்லையும் வேறு, பல இடங்களில் பெயரும் வேறு.

கார்க் கவுண்டியில் உள்ள ஸ்கிபரீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஒன்றுதான், ஆனால் ஆபிஸ்ட்ரவ்ரி, க்ரே என்ற இரண்டு சிவில் பரிஷ்களில் கிடக்கிறது. 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் அந்தப் பெயர்களின் கீழ் தேட வேண்டும். கத்தோலிக்க ஞானஸ்நானப் புத்தகத்தை ஸ்கிபரீன் என்று தேட வேண்டும். அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு மாவட்டமும் ஸ்கிபரீன்தான், ஆனால் அது ஏழையர் நிவாரணச் சட்டத்துக்காகப் பிரித்த பகுதி, எந்தப் பரிஷும் அல்ல. எல்லாவற்றையும் 'பங்கு' என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார், பாவம்.

இதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. ஆங்கிலிக்கன் சபையின் பழைய பதிவேடுகள் சட்டப்படி அரசு ஆவணங்கள் என்பதால் ஏராளமானவை அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டிருந்தன, ஏறக்குறைய எல்லாம் சாம்பல். உள்ளூரிலேயே வைத்திருந்தவையும் படியெடுத்தவையும் தப்பின. கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவை குருக்களின் வீடுகளிலேயே இருந்து பிழைத்துக்கொண்டன. சுமார் 1880 வரையிலானவற்றின் நுண்படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இலவசமாக இணையத்தில் ஏற்றிவிட்டது. நாம் 'பங்குப் பதிவேடுகள் எரிந்துபோயின' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், நல்லபடி இருக்கிற புத்தகத்தைத் தேடாமலே ஒருவர் விட்டுவிடுவார்.

இத்தனைக்கும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. நம் கத்தோலிக்கர் 'பங்கு' என்கிறார்கள், பங்குத்தந்தை என்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 'சேகரம்', சேகர குரு. அப்படியே எடுத்துக்கொள்வோம்: கத்தோலிக்கருக்குப் பங்கு, அயர்லாந்துத் திருச்சபைக்குச் சேகரம். மூன்றாவதற்கு யாழ்ப்பாணத்தில் சொல் கிடைக்கிறது. போர்ச்சுக்கீசியர் தங்கள் கோயில்களை (தேவாலயங்களை) வைத்துப் பிரித்த பகுதிகளை ஒல்லாந்தர் தொடர்ந்து நிர்வாகத்துக்கும் நிலத் தோம்புக்கும் (நிலப் பதிவேட்டுக்கும்) பயன்படுத்தினார்கள். அதுதான் 'கோயிற்பற்று'. பழைய காணி உறுதிகளில் (நிலப் பத்திரங்களில்) ஊர்ப்பெயரோடு வரும். திருச்சபைப் பிரிவு நிலக் கணக்குப் பிரிவாக மாறிய அதே கதை! இதைவிடப் பொருத்தமாக எதை உருவாக்கப் போகிறோம்?

> தமிழ்நாட்டில் யாருக்குப் புரியும்? வருவாய்ப் பங்கு என்றால் உடனே புரியுமே.

வருவாய்ப் பங்கு என்றால் லாபத்தில் வரும் பங்கு என்றுதான் உடனே புரியும் அம்மா. நிலப்பங்கு என்று இன்னொருவர் சொன்னார், அது பாகப்பிரிவினை வழக்கு மாதிரி இருக்கிறது. கோயிற்பற்றை முதலில் வரும் இடத்தில் 'அரசின் நிலக் கணக்குப் பிரிவு' என்று ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

டவுன்லேண்டுக்கு 'நகர்நிலம்' கூடவே கூடாது. அதில் நகரம் எதுவும் இல்லை. கோயிற்பற்றுக்கு உள்ளே வரும் மிகச் சிறிய பிரிவு அது. நாடு முழுவதும் 60,000-க்கு மேல் இருக்கின்றன. 'குறிச்சி' போதும்.

சிவில் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 'அரசுப் பதிவு' என்று போடுங்கள், சண்டை வேண்டாம். 1845-இல் கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்களுக்கும், 1864-இல் எல்லாருடைய பிறப்பு, இறப்பு, திருமணங்களுக்கும் அது தொடங்கியது. ஒன்றை மட்டும் கவனிக்கவும். வரைவில் ஞானஸ்நானப் பதிவேட்டைச் சில இடங்களில் 'பிறப்புப் பதிவேடு' என்று எழுதியிருக்கிறார்கள். மாற்ற வேண்டும். கத்தோலிக்கர் குழந்தை பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அரசுப் பதிவாளரிடம் தாமதமாகப் போய், அபராதத்துக்குப் பயந்து பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வார்கள். அதனால் ஞானஸ்நானம் ஆனபிறகு பிறந்த குழந்தைகள் அயர்லாந்தில் நிறைய உண்டு! இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த முரணை விளக்கவே முடியாது.

பிரெஸ்பிட்டேரியர் (இன்னொரு புராட்டஸ்டண்டு பிரிவினர்) மட்டும் பாக்கி. அவர்களுடைய பதிவேடுகள் எல்லை வைத்து அல்ல, வழிபடக் கூடும் மக்களை வைத்து. 'சபை' என்று போட்டிருக்கிறேன், ஆனால் திருச்சபை முழுவதையும் சபை என்றே சுருக்குகிறோமே. 'சபையார் பதிவேடு' சரிவருமா? சேகரம் பழகியவர்கள் சொல்லுங்கள்.