லண்டன் பெட்டிங் கடை ரேட்டை நம்பித் தேர்தல் பந்தயம் கட்டலாமா?

நகரி தறிக்காரன்:
வணக்கம். எங்களுக்கு நகரி பக்கம், ஏகாம்பரகுப்பம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. தேர்தல் வந்துவிட்டால் தறிக்கூடத்தில் பந்தயம் தவிர வேறு பேச்சே கிடையாது. 2024-ல் ரோஜா ஜெயிப்பாரா மாட்டாரா என்று பைக்கை வைத்துக் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அக்கா மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறான். "மாமா, அடுத்த பிரதமர் யார், எந்தக் கட்சிக்கு அதிக சீட்டு என்று இங்கே கடையிலேயே பணம் கட்டலாம், ரசீது தருவான்" என்கிறான். சில நேரம் நம் லோக்சபா தேர்தலுக்கும் ரேட் வருமாம். அதைக் கேட்டதிலிருந்து கூட்டாளிகள் விடுவதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவனுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தக் கடைக்காரன் ரேட்டைப் பார்த்து இங்கே கட்டலாம், அவன் கணக்குத் தப்பாது என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருத்தணி வக்கீல்:
பணம் அனுப்பும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். லாட்டரி, பந்தய வகைகளுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்ட விதியில் தடை இருக்கிறது. படிப்புச் செலவு என்று எழுதி அனுப்பினால் பொய்க் காரணம் காட்டிய பொறுப்பு அனுப்பியவர் தலையில். உள்ளூர்ப் பந்தயத்துக்கு ஆந்திராவில் 1974 கேமிங் சட்டம் இருக்கிறது.

குப்பத்துக்காரன்:
அண்ணா, நான் குப்பம். லண்டனில் குரொய்டனில் ஒரு பலசரக்குக் கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். பக்கத்துக் கதவே பெட்டிங் கடைதான்.

அங்கே 1961-ல் இந்தக் கடைகளுக்கு அனுமதி வந்தது. 1963-ல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அடுத்த தலைவர் யார் என்று லாட்புரோக்ஸ் என்ற பெட்டிங் கம்பெனி ரேட் போட்டது. குதிரைக்குக் கட்டுகிற அளவு இதில் கட்ட விடமாட்டார்கள். குட்டிப் பேனாவால் சீட்டில் எழுதி நீட்டுவீர்கள். தொகை கொஞ்சம் பெரிதாக இருந்தால் கவுண்டரில் இருப்பவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போடுவார், இவ்வளவுதான் வாங்கலாம் என்று பதில் வரும். உள்விஷயம் தெரிந்தவன் வந்து கட்டிவிடுவானோ என்ற பயம். பயம் நியாயமானதுதான். 2024-ல் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் ஜூலை 4 தேர்தலை அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்னால், அவருக்கு நெருக்கமான எம்.பி. ஒருவர் ஜூலையில் தேர்தல் என்று 100 பவுண்டு கட்டியிருந்தார். அந்த விவகாரத்தில் அடுத்த வருஷம் 15 பேர் மேல் வழக்கு வந்தது.

சரி, ரேட்டுக்கு வருவோம். இரண்டு பக்கமும் சமம் என்று தோன்றினாலும் கடைக்காரன் ஒன்றுக்கு ஒன்று தரமாட்டான், 5/6 போடுவான். ஆறு கட்டினால் ஐந்து லாபம். இந்தப் பக்கம் ஒருவர் 60, அந்தப் பக்கம் ஒருவர் 60, கல்லாவில் 120. ஜெயித்தவருக்குக் கட்டிய பணத்தோடு சேர்த்து 110. யார் ஜெயித்தாலும் கடைக்குப் பத்து நிற்கும். அப்புறம் ரேட் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் பணம் எந்தப் பக்கம் குவிகிறது என்பதை வைத்துத்தான். 2016-ல் ஐரோப்பிய யூனியனில் இருப்பதா வெளியேறுவதா என்று நடந்த பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் வெளியேறுவோம் என்று கட்டிய ஆட்கள்தான் அதிகம். இருப்போம் என்று கட்டியவர்கள் குறைவு, ஆனால் கட்டுக்கட்டாகக் கட்டினார்கள். ரேட் பணத்தின் பக்கம் சாய்ந்தது. விடிந்து பார்த்தால் 51.9 சதவீதம் வெளியேறுவதற்கு. அதே வருஷம் அமெரிக்க ஜனாதிபதி ஹிலாரி கிளிண்டன்தான் என்று பேடி பவர் என்ற பெட்டிங் கம்பெனி ஓட்டுப்பதிவுக்கு முன்பே பட்டுவாடா செய்தது. டிரம்ப் ஜெயித்ததும் அவர் மேல் கட்டியவர்களுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரிலும் இதேதான். கட்சிக்கு வேண்டிய கான்ட்ராக்டர் ஒருவர் காலையில் லட்சங்களை ஒரு பக்கம் கொட்டினால் சாயங்காலத்துக்குள் ரேட் மாறிவிடும். அதைப் பார்த்து, அவர்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது என்று கூலிக்கு நெய்கிறவர் ஓடிப்போய் கட்டுவார். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். அங்கே தோற்றால் கட்டிய பணத்தோடு போயிற்று. இங்கே கையில் இல்லாத பணத்துக்குக் கடன் வாங்கியதாக நோட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

நகரி தறிக்காரன்:
நோட்டு விஷயம் உண்மைதான் தம்பி. இங்கேயும் கைமாற்று வாங்கியதாகத்தான் புரோநோட்டு எழுதுகிறார்கள். போன தேர்தலில் தோற்ற ஒருவருடைய நோட்டு இன்னும் எதிராளி பீரோவில் இருக்கிறது. பந்தயப் பணம் கோர்ட்டில் செல்லாது என்று அவர் தைரியமாக இருக்கிறார். சரியா ஐயா? பையனுக்குப் பணம் அனுப்புவதில்லை என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டேன்.

திருத்தணி வக்கீல்:
பாதிதான் சரி. 1872 ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவுப்படி பந்தயப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் நோட்டில் கடன் என்றுதானே இருக்கிறது? கையெழுத்து அவருடையது என்றால், பணம் கைமாறியது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இது கடன் இல்லை, பந்தயம் என்று காட்டுகிற சுமை அவர் மேல். யார் முன்னால் பேசினார்கள், போனில் என்ன மெசேஜ் இருக்கிறது என்று இப்போதே திரட்டி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம் கெடு. எதிராளி வந்து, ஆயிரம் ரூபாய் கொடு போதும், நோட்டுக்குப் பின்னால் வரவு வைத்துக்கொள்கிறேன் என்று நயமாகக் கேட்பார். கெடுவுக்குள் அப்படிக் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் கையெழுத்தும் போட்டால், அன்றிலிருந்து மறுபடி 3 வருஷம் ஓடும். ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.