தேர்வில் நல்ல மதிப்பெண், ஆனால் எதிரே வைத்த பொருளை வரைய வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஓவியவகுப்பு

12 முதல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். ஆண்டு முடிவில் தேர்வு. இரண்டு மணி நேரத்தில் ஒரு ஸ்டில் லைஃப் (எதிரே அடுக்கிவைத்த பொருட்களைப் பார்த்து வரைவது), அடுத்த தாளில் கொடுத்த தலைப்புக்கு நினைவிலிருந்து ஒரு காட்சி. பெரும்பாலானவர்கள் நன்றாகவே மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் வழக்கமான பானை, துணி, பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு மடக்கு நாற்காலியை வைத்தால் கை ஓடுவதில்லை. நினைவுக் காட்சியிலும் தலைப்பு எதுவாக இருந்தாலும் அதே மரம், அதே சாலை, அதே மூன்று மனிதர்கள்.

தேர்வை விட்டுவிட முடியாது. கேட்க விரும்புவது இரண்டு. பழுது எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி? தேர்வுக்கும் தயார் செய்து, பார்த்து வரையும் பழக்கத்தையும் வளர்க்க வகுப்பு நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில் 1: கரித்துண்டு

திருத்துபவர் கைக்கு வருவது முடிந்த தாள் மட்டும். மாணவர் எத்தனை முறை அளந்தார், எதை அழித்து மாற்றினார், எந்தக் கோணத்தைத் தேடி உட்கார்ந்தார் என்பதற்கெல்லாம் அதில் சாட்சி கிடையாது. ஆகவே பயிற்சியும் முடிந்த தாள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதிலேயே போய் நிற்கிறது. பானையின் படம் மனப்பாடமாகிறது, பானை கண்ணில் படுவதே இல்லை.

பழுதைக் கண்டுபிடிக்கப் புதுப் பொருள் தேவையில்லை. பழகிய பானையையே வைத்து மூன்றை மட்டும் மாற்றுங்கள்: விளக்கை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், பானையை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள், துணியை மடித்து விரிக்காமல் ஏதாவது ஒரு முனையில் தொங்கவிடுங்கள். 20 நிமிடம் போதும்.

முதலில் வாயின் நீள்வட்டத்தைப் பாருங்கள். பானை தரைக்குப் போனதும் கண் மட்டத்திலிருந்து வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது, அதனால் வாய் நன்றாக அகன்று தெரிய வேண்டும். அடிப்பகுதியின் வளைவு கண் மட்டத்திலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் வாயைவிடக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். மனப்பாடமாக வரைபவர் மேசையில் இருந்தபோது போட்ட அதே ஒல்லியான வாயைப் போட்டு, அடியை நேர்கோடாக முடிப்பார். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராக இருக்கும், உண்மையில் அங்கே கூர்முனை இருக்கவே முடியாது.

அடுத்தது ஷேடிங். விளக்கு இடம் மாறியும் நிழல் பழைய பக்கத்திலேயே இருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை. பக்கம் சரியாக இருந்தாலும் ஓரத்தைக் கவனியுங்கள். உருண்ட பொருளில் அடர்ந்த பட்டை விளிம்பிலிருந்து சற்று உள்ளே விழும். விளிம்பருகே தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் திரும்பி வரும் ஒளியால் கொஞ்சம் வெளிறும். தேர்வுப் பயிற்சியில் விளிம்பையே அழுத்திக் கறுப்பாக்கப் பழக்கிவிடுகிறார்கள், தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியும் என்பதற்காக. தரையில் விழும் நிழலும் அப்படித்தான். பொருள் தரையைத் தொடும் இடத்தில் மிக அடர்ந்து, விலக விலக ஓரம் மங்க வேண்டியது, ஒரே சாம்பல் திட்டாகக் கிடக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. தாளைப் பார்க்காமல் மாணவரின் கண்ணை இரண்டு நிமிடம் கவனியுங்கள். பார்த்து வரைபவர் சில விநாடிக்கு ஒரு முறை தலை நிமிர்வார். ஒரு நிமிடம் முழுக்கத் தாளிலேயே கண் பதிந்திருந்தால் அவர் எதிரே இருப்பதை வரையவில்லை, மனதில் இருப்பதை வரைகிறார்.

பதில் 2: ஈரத்தாள்

நினைவுக் காட்சி பற்றி. மனப்பாட அமைப்பை உடைக்கத் தலைப்பை மாற்றிப் பயனில்லை. 'மழை', 'சந்தை', 'விளையாட்டு' எதைக் கொடுத்தாலும் அதே மூன்று பேர் குடையோ பையோ பந்தோ பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பார்வையின் இடத்தை மாற்றுங்கள். மாடியிலிருந்து நேர் கீழே பார்ப்பதாக ஒன்று. மிக அருகில் ஒருவர் முதுகு காட்டி நின்று தாளில் பாதியை மறைப்பதாக ஒன்று. மனப்பாடம் செய்த மரம் இதில் எதற்கும் பொருந்தாது, யோசித்துத்தான் ஆக வேண்டும்.

பெரிய தாளைத் தொடும் முன் 5 செ.மீ.க்கு 7 செ.மீ. கட்டங்கள் ஆறு போட்டு, ஒவ்வொன்றிலும் காட்சியை ஒரு விதமாகச் சிறிதாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏ3 தாளின் நீள அகல விகிதத்துக்கு இது ஏறக்குறையப் பொருந்தும், அதனால் பெரிதாக்கும்போது அமைப்பு குலையாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றே டோன், முகம், இலை போன்ற நுணுக்கம் கூடாது. முதல் இரண்டு கட்டத்தில் மனப்பாடம்தான் வரும். அதைத் தடுக்க வேண்டாம், வந்து தீர்ந்துவிடட்டும். நான்காவது கட்டத்துக்குப் பிறகு வருபவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வண்ணத்திலும் இதே பழுது இருக்கிறது. டியூபில் வரும் பச்சை அப்படியே இலைக்கு, கறுப்பு அப்படியே நிழலுக்கு, வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளை. போஸ்டர் கலரில் வெள்ளை கூடினால் நிறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி உயிர் போய்விடும். சில மாதங்களுக்குக் கறுப்பையும் பச்சையையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலம், ஒரு சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு இருந்தால் போதும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல அடர் சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்தும் பழுப்பு கூடினால் வெதுவெதுப்பாகவும் நிழல் அமையும்.

அவசரத்தால் வரும் பழுது தனி. வாட்டர் கலரில் முதல் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது அடுத்ததைப் போட்டால் தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஓரம் கிழிந்த திட்டாகப் பூக்கும். பளபளப்பு போய்விட்டதே என்று நம்பக் கூடாது. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் அதே தாளின் துண்டில் சோதித்த பிறகே பூச வேண்டும். அந்தத் துண்டுக்கு மதிப்பெண் இல்லை என்பதற்காகவே பலர் அதைச் செய்வதில்லை.

பதில் 3: எதிர்க்கோணம்

தேர்வின் இரண்டு மணி நேரக் கெடுதான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாப் பழியையும் நேர வரம்பின்மேல் போடுவதை ஏற்க மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் ஓவியப் பள்ளிகள் பின்பற்றிய சவுத் கென்சிங்டன் பாடத்திட்டம் 23 படிகளாக வகுக்கப்பட்டிருந்தது. பரிசும் பதக்கமும் வழவழப்பாக முடிக்கப்பட்ட தாளுக்குப் போனதால், மாணவர்கள் ஒரே பிளாஸ்டர் சிலையின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக நிழல் வைத்தார்கள். அவர்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது, ஆனாலும் அதே நோய்தான். எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதைத்தான் கை கற்றுக்கொள்ளும். மினுமினுப்புக்குத் தந்தால் மினுமினுப்பைக் கற்கும்.

தேர்வில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே பொருள், ஒரே நேரம், கண்காணிப்பு. வீட்டில் தயாரித்துக் கொண்டுவரும் போர்ட்ஃபோலியோவில் (படத்தொகுப்பில்) யாருடைய கை எவ்வளவு பட்டது என்று சொல்ல முடியாது. தனிப்பயிற்சிக்கு வசதி உள்ளவருக்கே அது சாதகமாகப் போகும். ஆகவே தேர்வு இருக்கட்டும், ஆனால் ஆண்டு முழுவதையும் தேர்வின் ஒத்திகை ஆக்காதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு, வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறு குழந்தைகளைப் பற்றியது. வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தம் விருப்பத்துக்கு விட்டபோது மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரெனச் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஒவ்வொரு தாளிலும் மதிப்பெண் எழுதும் வழக்கத்தை நிறுத்த இது ஒன்றே போதுமான காரணம்.

பதில் 4: அளவுகோல்

நேரத்தைப் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள். 30 வாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் முதல் 24 வாரம் தேர்வுத் தாளைத் தொடவே வேண்டாம். கடைசி 6 வாரம் முழுவதும் அதற்குக் கொடுங்கள். பார்க்கத் தெரிந்த கைக்கு நேரத்தைக் கட்டுப்படுத்தக் கற்க 6 வாரம் தாராளம்.

ஒரு மணி நேர வகுப்பில் முதல் 5 நிமிடம் தாளைப் பார்க்காமல் அவுட்லைன் வரைவது. படம் கோணலாகத்தான் வரும், அதைத் திருத்த விடாதீர்கள். கண்ணும் பென்சிலும் ஒரே வேகத்தில் நகரப் பழகுவதே அதன் வேலை. பிறகு 40 நிமிடம் பொருள். மீதி நேரத்தில் தாள்களைச் சுவரில் மாட்டி, பொருளுக்கு எதிரே நின்று ஒப்பிடுவது.

நீங்கள் சொன்ன மடக்கு நாற்காலி அருமையான பொருள், அதையே பல வாரம் வையுங்கள். நாற்காலியை வரையச் சொன்னால் கால், இருக்கை, முதுகு என்று தெரிந்த பெயர்களை வரைவார்கள். கால்களுக்கு நடுவே தெரியும் காலி இடங்களை மட்டும் வரையச் சொல்லுங்கள். அந்த முக்கோணங்களுக்கும் கோணல் நாற்கரங்களுக்கும் பெயரும் இல்லை, மனப்பாட வடிவமும் இல்லை. அவை சரியாக விழுந்தால் நாற்காலி தானாக வந்துவிடும்.

அளப்பதற்கு: கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு பகுதியை அலகாக எடுக்க வேண்டும், உதாரணமாக இருக்கையின் அகலம். மொத்த உயரம் அதில் எத்தனை மடங்கு என்று பார்த்துக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது முழங்கையில். கொஞ்சம் மடங்கினாலும் அலகு மாறிவிடும், மாணவரோ தன் கண்ணைக் குறை சொல்வார். அதற்கு அடுத்தது இருக்கை நகர்வது. பொருளின் காலடியிலும் மாணவரின் இருக்கைக் காலடியிலும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

பென்சிலில் எச்பி தொடக்கக் கோட்டுக்கு, 2பி நடு டோனுக்கு, 4பி கடைசியில் சில இடங்களுக்கு மட்டும். விரலால் தேய்ப்பதைத் தடை செய்யுங்கள். தாளின் சொரசொரப்பு அடைபட்டு கிராஃபைட் பளபளக்கத் தொடங்கினால் அதன்மேல் இருட்டு ஏறாது.

கடைசி 6 வாரத்துக்கான இரண்டு மணி நேரக் கணக்கு: 10 நிமிடம் சிறு கட்டங்கள், 20 அளந்து அமைப்பது, 30 பெரிய டோன்கள், 45 நுணுக்கம், 15 இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்துத் திருத்துவது. தேர்வறையில் எழுந்து நிற்க விடமாட்டார்கள் என்றால் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். தடுமாற்றம் எப்போதும் அந்த 20 நிமிடத்தில்தான். பதற்றத்தில் அதை ஐந்தாகச் சுருக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பானை சாய்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பார்கள்.

ஓவியவகுப்பு

மிக்க நன்றி. பானைச் சோதனையை அடுத்த வகுப்பிலேயே வைக்கிறேன். இரண்டு சந்தேகம். வகுப்பு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும், தாளுக்குக் கொடுக்கவில்லை என்றால் எதற்குக் கொடுப்பது? முதல் 24 வாரம் முடித்த படமே இல்லையென்றால் பெற்றோருக்கு எதைக் காட்டுவது?

பதில் 5: கரித்துண்டு

செய்முறைக்குக் கொடுங்கள். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வின் ஓவியப் பாடத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. போர்ட்ஃபோலியோவுக்கு 60 விழுக்காடு, வெளியிலிருந்து தரப்படும் தலைப்புக்கு 40. அந்தத் தலைப்புக்கு முன்தயாரிப்பு நாட்கள் கொடுத்து, கடைசி 10 மணி நேர வேலையைக் கண்காணிப்பில் செய்யவைக்கிறார்கள். யோசனையை வளர்ப்பது, வண்ணம், பென்சில் போன்ற ஊடகத்தையும் முறையையும் சோதித்துச் செம்மையாக்குவது, பார்த்துப் பதிவது, முடித்துக் காட்டுவது என்ற நான்கு நோக்கங்களுக்கும் சம எடை. முடித்துக் காட்டுவது அதில் கால் பங்குதான்.

உங்கள் வகுப்புக்கு நான் சொல்வது: பார்த்துப் பதிவதற்கு 35, சிறு கட்டங்களும் மாற்றங்களும் 30, வண்ணம், பென்சிலைக் கையாளும் திறன் 20, முடித்த தாள் 15. மாதத்துக்கு ஒரு முறை ஸ்கெட்ச் புக்கை வாங்கி மொத்தமாக மதிப்பெண் போடுங்கள், தனித்தனித் தாளில் எண் வேண்டாம்.

இதிலும் ஏமாற்று வரும். செய்முறைக்கு மதிப்பெண் என்று தெரிந்ததும் பெரிய படத்தை முடித்துவிட்டுப் பிறகு சிறு கட்டங்களைத் தயாரிப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: ஆறு கட்டமும் சுத்தமாக இருக்கும், எதிலும் அழித்த தடம் இருக்காது, ஒன்று மட்டும் இறுதிப் படத்தோடு அச்சாகப் பொருந்தும், மற்ற ஐந்தும் அதன் சின்னச் சின்ன மாறுபாடாக இருக்கும். பெரிய தாளைக் கொடுக்கும் முன்பே கட்டங்களை வாங்கித் தேதி போட்டு வைத்துக்கொண்டால் இது நின்றுவிடும்.

திருத்தும்போது எண்ணில் தொடங்காதீர்கள். இரண்டிரண்டு தாளாக எடுத்து 'எது கூர்ந்து பார்த்து வரையப்பட்டது' என்ற ஒரே கேள்வியோடு ஒப்பிடுங்கள். 30 தாள் இருந்து, ஒவ்வொன்றும் 10 முறை ஒப்பிடப்பட வேண்டுமென்றால் மொத்தம் 150 ஒப்பீடு, இரண்டு ஆசிரியர்கள் பிரித்துக்கொள்ளலாம். வரிசை கிடைத்த பிறகு எண் போடுங்கள். 72க்கும் 74க்கும் என்ன வித்தியாசம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இதில் ஆசிரியர்களின் முடிவுகள் ஒத்துப்போகும்.

பதில் 6: ஈரத்தாள்

பெற்றோருக்கு: அதே நாற்காலி, அதே கோணம், அதே 40 நிமிடம், முதல் மாதம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நாற்காலியையும் அங்கேயே போட்டுவிடுங்கள். ஓவியம் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரியும். முதல் மாதத் தாளைப் பத்திரமாக எடுத்து வைப்பதுதான் முக்கியம். மாணவர்கள் அதைக் கிழித்துவிடுவார்கள், அதனால் வரைந்த அன்றே நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.